‘காஷ்மீர்’ பாட்டை 2 கட்டையில் இறக்கினால்: மதுரைக் கலைஞர்களின் அனுபவப் பகிர்வு

வயலின், தல்லாகுளம்:
லெட் செப்பலின் என்ற ஆங்கில ராக் குழு 1975இல் வெளியிட்ட ‘காஷ்மீர்’ பாட்டை நம்ம வாத்தியங்களுக்குக் கொண்டுவர நினைக்கிறவங்க முதலில் ராகத்தைத் தேட வேண்டாம். சுருதியைப் பாருங்க. பாட்டு டி (D) ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்து நிற்கிறது. நம்ம கணக்கில் 2 கட்டை. நீளமான, தாழ்ந்த சுருதி கொண்ட பாரி நாகசுரம் அந்தச் சுருதியில் தாராளமாகக் கிடைக்கும். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

மீதிப் பாதிதான் வம்பு. எல்லோரும் முணுமுணுக்கிற அந்தக் கித்தார்ப் பிடி பஞ்சமத்தில் தொடங்கி சுத்த தைவதம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம் என்று அரை அரை ஸ்வரமாகப் படியேறும். அடியில் ஸட்ஜம் ஓயாமல் ஒலிக்கும். இப்படி அடுத்தடுத்து ஏறுகிற பிடி எந்த மேளகர்த்தாவிலும் (தாய் ராகத்திலும்) அடங்காது. வழி பைரவி ராகத்தில் இருக்கிறது. ஆரோகணத்தில் சதுச்ருதி தைவதம், அவரோகணத்தில் சுத்த தைவதம் என இரண்டுமே அதில் உண்டு. ஏறுகிற பிடியை வயலினும் செல்லோவும் கமகமே (ஸ்வர அசைவே) இல்லாமல் மொட்டையாக வாசிக்கட்டும். இறங்குகிற பதிலை நாகசுரம் முழுப் பைரவியாகச் சொல்லட்டும். பிடிக்குள்ளேயே கமகம் போட்டால் படிகள் வழுக்கிவிடும், கேட்கிறவருக்குப் பாட்டே அடையாளம் தெரியாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

இன்னொன்று. 2 கட்டைக்கு ஸ-ப-ஸ-ப சேர்க்கும்போது வயலின் தந்தி நன்றாகவே தளரும். ராக் வேகத்தில் வில்லை அழுத்தினால் ஒவ்வொரு வீச்சின் தொடக்கத்திலும் சுருதி ஒரு கணம் ஏறி இறங்கும். தடித்த தந்தி போடுங்க. அழுத்தத்தைக் குறைத்து வில்லின் நீளத்தைக் கூட்டுங்க.

தவில், திருப்பரங்குன்றம்:
அண்ணன் தாளத்தைத் தொடாமல் விட்டுட்டார். அந்தப் பாட்டின் உயிரே அதுதான். கித்தார் 3 எண்ணிக்கையில் சுற்றும், டிரம்ஸ் 4 எண்ணிக்கையில் நடக்கும். ஒரு ஆவர்த்தனத்துக்கு (சுற்றுக்கு) 8 அட்சரம் (எண்ணிக்கை) உள்ள ஆதி தாளத்தில் கணக்குப் போடுங்க: 3 எண்ணிக்கைத் துணுக்கு 8 தடவை வந்தால் 24 அட்சரம், சரியாக 3 ஆவர்த்தனம். நிமிடத்துக்கு 80 என்ற காலப்பிரமாணத்தில் 18 விநாடிக்கு ஒருமுறைதான் இரண்டும் சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் அடியில், சேரும்.

கெடுவது எப்படின்னா, தவில்காரர் காது தானாகவே பிடியின் பின்னால் போய் தகிட தகிட என்று சேர்ந்துகொள்ளும். உடனே மோதல் செத்துவிடும், சாதாரணத் திஸ்ரப் (3 எண்ணிக்கைப்) பாட்டாகிப் போகும். தொப்பியில் (குச்சியால் அடிக்கிற கனத்த பக்கம்) 4ஐ விடாதீங்க, வலந்தலையில் (விரலால் வாசிக்கிற பக்கம்) மட்டும் விளையாடுங்க. ஹெட்போனில் கிளிக் (வேகம் காட்டும் டிக் ஒலி) கொடுப்பதாக இருந்தால் 8 அட்சரத்துக்கு ஒன்று போதும். ஒவ்வொரு அட்சரத்துக்கும் டிக் டிக் என்று கொடுத்தால் நடை மரக்கட்டையாகிவிடும். தனி வாசிக்கிற இடத்தில் வேகம் 84க்கு ஏறுவது ரொம்ப சகஜம், அதைப் பதிவின்போதே பிடிக்கணும்.

மைக்: நாகசுரத்தின் அணசுக்கு (அடியில் விரிந்த வாய்க்கு) நேரே வைக்கவே கூடாது. 5, 6 அடி தள்ளி, சற்று மேலே. தவிலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. இரண்டையும் சேர்க்கும்போது தொப்பியின் கனம் மெலிந்து கேட்டால் ஒரு மைக்கின் ஃபேஸை (phase, ஒலியலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாகத் திருப்புங்க. ஏசி அறை என்றால் சீவாளி (ஊதுகிற நாக்கு) குளிர்ந்து நாகசுரத்தின் சுருதி இறங்கும். பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகே வயலினைச் சேர்க்கணும், முன்னால் இல்லை.

கடம், மானாமதுரை:
பாஸ் டிரம்முக்குப் பதில் கடம் வைக்கலாம். வாயை வயிற்றோடு அழுத்தி, அடித்ததும் லேசாக விலக்கினால் ‘கும்’ என்று ஒரு காற்று வரும். மைக்கை வாய்ப்பக்கம் ஒரு சாண் தூரத்தில் வைத்தால்தான் அது பதிவாகும், முன்னால் வைத்தால் நகத்துச் சத்தம் மட்டும் விழும். எங்க ஊரில் வாங்க வரும்போது சுருதிப்பெட்டியோடு வாங்க. கடத்தின் சுருதி சூளையிலேயே முடிவாகிவிடும். உள்ளே களிமண் ஒட்டினால் நூலிழை மாறும், அவ்வளவுதான். 2 கட்டைக்குப் பெரிய, கனத்த பானையாகத் தட்டிப் பார்த்து எடுக்கணும்.

மிருதங்கமும் சேர்க்கலாமான்னு போன வாரம் ஒரு தம்பி கேட்டார். தவில் பக்கத்தில் அது கேட்காது. விடுங்க.

ஒளிப்பதிவு, ஒத்தக்கடை:
ஒலியை முழுசாகப் பதிந்து முடித்துவிட்டு, அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் படம் எடுப்பதுதான் நடைமுறை. யானைமலை அடிவாரத்தில் ஸ்பீக்கரைத் தள்ளி வைத்தால் ஒரு சிக்கல். 14 மீட்டர் தூரத்துக்கு ஒலி வந்து சேர ஏறக்குறைய 40 மில்லி விநாடி. விநாடிக்கு 25 பிரேமில் எடுத்தால் ஏறக்குறைய ஒரு பிரேம் பின்தங்கும். ஸ்பீக்கர் கலைஞரின் காலடியில் இருக்கணும்.

நாகசுரக்காரர் நடித்தால் கன்னம் காட்டிக்கொடுக்கும். நிஜமாகவே ஊதச் சொல்லுங்க. ஊதினால் அவருக்கு ஸ்பீக்கர் கேட்காது, அதனால் காதுக்குள் வைக்கிற இயர்போன் ஒன்று, கேமரா இல்லாத பக்கத்துக் காதில். வயலினில் வில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பதிவின்போதே போனில் எடுத்து வையுங்க. மதுரை ரசிகர்கள் கமெண்டில் முதலில் பிடிப்பது அதைத்தான்.

மண்டபத்துக்குள் டியூப்லைட் இருந்தால் ஷட்டர் 1/50, இல்லாவிட்டால் மினுக்கும். நாயக்கர் மகாலில் எடுக்க மாநிலத் தொல்லியல் துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும். வெளியில் எடுப்பதானால் காலை 8 மணிக்குள் முடிங்க. அதற்கப்புறம் பாறை சுட ஆரம்பித்தால் யாராலும் சம்மணம் போட்டு உட்கார முடியாது.

வயலின், தல்லாகுளம்:
உரிமை பற்றியும் ஒரு வரி. நம்ம பதிப்புரிமைச் சட்டத்தில் மற்றவர் பாட்டைத் திரும்ப இசைத்துப் பதிய வழி தருகிற 31சி பிரிவு ஒலிப்பதிவுக்கு மட்டும்தான். அதிலும் இசையை இஷ்டத்துக்கு மாற்ற இடமில்லை. வீடியோவுக்கும், இப்படி ராகம் சேர்த்து மாற்றுவதற்கும் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்கணும். தவில் தம்பி சொன்ன 84 விஷயம் சரி. தனி முடிகிற இடத்தில் ஜால்ராக்காரர் ஒருத்தரை மட்டும் கிளிக் கேட்க வையுங்க, மற்றவங்க அவர் கையைப் பார்த்தால் போதும்.