பிளஸ் ஒன்னுக்கு ஹாஸ்டல்ல சேர்த்தவங்க, அங்க படிச்சவங்க அனுபவம் சொல்லுங்க

கரூர் அம்மா:
பெரியவனைப் பத்தாவது முடிச்சதும் நாமக்கல் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஹாஸ்டலோட சேர்த்தோம். மார்க்குக்காகவே ராத்திரி பகலா படிக்க வைக்கிற மாதிரி ஸ்கூல். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பாக்க விடுவாங்க. மைதானத்து வேப்பமரத்தடியில பாய் விரிச்சு, கட்டிட்டுப் போன சோத்தைப் போடுவோம். அப்படி ஒரு நாள் நாட்டுக்கோழிக் குழம்பு. தலை நிமிராம சாப்பிட்டான். நான் ரெண்டாவது கரண்டி ஊத்தறப்ப விசில் அடிச்சாங்க. வாய்க்குப் போன கையை அப்படியே இலையில உதறிட்டு எந்திரிச்சுட்டான். "அது வண்டிங்களை ஒதுக்கச் சொல்ற விசில்டா, உட்காரு"ன்னு அவங்கப்பா சொன்னாரு. உட்காரல. கையைக்கூடக் கழுவாம வரிசையைப் பாத்து ஓடிட்டான். இப்ப காலேஜ் மூணாவது வருஷம், நல்லாத்தான் இருக்கான். எனக்குத்தான் அந்தக் கை கண்ணுலயே நிக்குது.

2011 பேட்ச்:
அக்கா, நான் ராசிபுரம் பக்கத்துல படிச்சேன். எங்களுக்கும் விசில்தான். காலையில நாலரைக்கு எழுப்பினா ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஸ்டடி. ஆனா எனக்கு உறுத்துறது வேற. பிளஸ் ஒன் பாடத்தை எங்களுக்கு நடத்தவே இல்ல. சேர்ந்த ஜூன்லயே பிளஸ் டூ புத்தகம். நுழைவுத்தேர்வை எடுத்தப்புறம் இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200ம் பிளஸ் டூ மார்க்குதானே, அதனால ரெண்டு வருஷமும் அதே புத்தகம். 1200க்கு 1127 வாங்கினேன். ரிசல்ட் வந்த வாரம் சித்தி பொண்ணுக்கு என் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன். அவ பிரிச்சப்ப ஒட்டியிருந்த பக்கமெல்லாம் சர்ருன்னு பிரிஞ்சுச்சு. "அண்ணா, நீ இதைத் திறக்கவே இல்லையா?"ன்னு கேட்டா. முதல் செமஸ்டர்ல கணக்குல அரியர். 2017-18ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தப்ப நிம்மதியா இருந்துச்சு. 2025-26லருந்து அதை எடுத்துட்டாங்க. பசங்களுக்கு பாரம் குறையும், சரிதான். பழையபடி ஆகிடுமோன்னு பயமா இருக்கு.

தறிக்காரர் மகன்:
2011 பேட்ச் தம்பி சொல்ற பயம் இனிமே செல்லாது. நீட், ஜேஇஇ ரெண்டுலயும் பிளஸ் ஒன் பாடம் இருக்கு, எந்த ஸ்கூலும் அதைத் தாண்டிப் போக முடியாது. இன்னொண்ணு, இந்த ஸ்கூல்களைக் கறிக்கோழிப் பண்ணைன்னு பேசறவங்க பெரும்பாலும் வீட்ல தனி ரூம்ல படிச்சவங்க. எங்க வீடு பள்ளிபாளையம். நாலு தறி வீட்டுக்குள்ளயே ஓடும், ராத்திரி ஷிஃப்டும் உண்டு. ஹாஸ்டல்ல முதல் நாள் எனக்குத் தூக்கம் வரல. ஏன்னு ரொம்ப நேரம் புரியல. சத்தமே இல்ல, அதான். எங்கம்மா தாலிக்கொடியை அடகு வெச்சுக் கட்டின ஃபீஸ் அது. அந்த அமைதியிலதான் நான் படிச்சேன். கரூர் அக்கா, உங்க பையன் பயத்துல ஓடினான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. பழக்கமாக்கூட இருக்கும்.

உடுமலை அப்பா:
பழக்கம்னு சொல்றதுதான் எனக்குப் பிடிக்கல. சோத்துல இருந்து எந்திரிக்கிறது எந்தப் பழக்கத்துல சேத்தி?

என் கதை சின்னது. ஒரு ஸ்கூலைப் பாக்கப் போனோம். ரிசப்ஷன்ல ஏசி, மீன் தொட்டி, சுவர் முழுக்க மார்க் எடுத்த பிள்ளைங்க போட்டோ. "பாத்ரூம் பாக்கலாமா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம் சார்"னாங்க. அப்படியே பொண்ணைக் கூட்டிட்டு வெளிய வந்துட்டேன்.

தேடறவங்களுக்குச் சொல்றேன். அட்மிஷன் நாள்ல போகாதீங்க, சாதாரண செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்துல போங்க. ஒரு ரூம்ல எத்தனை பேரு, ராத்திரி காய்ச்சல் வந்தா யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னு வார்டன்கிட்டயே கேளுங்க. பெண்கள், குழந்தைகள் விடுதிக்குன்னே 2014ல சட்டம் வந்திருக்கு, அந்த உரிமம் இருக்கான்னு கேளுங்க. 2009 சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு அந்த ஸ்கூலுக்குப் போட்ட தொகை எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டு, கட்டற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்க. குழந்தைகள் உதவிக்கு 1098ன்னு ஒரு போன் நம்பர் இருக்குன்னு பிள்ளைக்கு மனப்பாடமா சொல்லிக் கொடுங்க. முக்கியமா, போன் பேசறப்ப பக்கத்துல வார்டன் நிப்பாரான்னு கேளுங்க. ஆறாவது போற பையனோ பொண்ணோ இருந்தா அமராவதிநகர் சைனிக் ஸ்கூல், அதாவது ஹாஸ்டலோட இருக்கிற ராணுவப் பள்ளி, அதோட நுழைவுத்தேர்வை எழுத வைங்க. சேர்ற வருஷம் மார்ச் 31ல பத்துலருந்து பன்னெண்டு வயசுக்குள்ள இருக்கணும், 300 மார்க்குல கணக்குக்கே 150, தமிழ்லயே எழுதலாம்.

கரூர் அம்மா:
உடுமலை அண்ணா, நான் இதையெல்லாம் அப்பவே கேட்டிருக்கணும். தறிக்காரர் மகன் தம்பி, ஸ்கூலை நான் குறை சொல்லல. அவன் மார்க் அங்க வாங்கினதுதான். நேத்து போன்ல அவன்கிட்டயே அந்த விசிலைப் பத்திக் கேட்டேன். "எந்த விசில்மா?"ன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல.

நான் இங்க எழுதினதே சின்னவளுக்காகத்தான். இந்த வருஷம் பத்தாவது. அதே ஸ்கூல் ஃபாரத்தை அவங்கப்பா வாங்கிட்டு வந்து ஃபிரிட்ஜ் மேல வெச்சு ஒரு வாரம் ஆச்சு. அவ அதைப் பாத்துட்டா. ஒண்ணும் கேக்கல. நாங்களும் அவளை ஒரு வார்த்தை கேக்கல. இன்னிக்கு டியூஷன் விட்டு வந்ததும் கேக்கறேன்.