சிவப்புத் தசை, வெள்ளைத் தசை: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

சாயப்பட்டறை:
உறைய வைத்த தொடைத் திசு. என்ஏடிஹெச் சாயத்தில் மெதுவாகச் சுருங்கும் சிவப்பான மெது இழை கருநீலம், சட்டென்று சுருங்கும் வெள்ளையான வேக இழை வெளிர்நீலம். இது உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் நடுவில் ஓர் இழை, விளிம்பு முழுக்கக் கறுத்துத் தடித்திருந்தது. அடுத்த சீவலில் டிரைக்ரோம் என்ற வேறொரு சாயம் போட்டேன். அதே இழை, அதே விளிம்பு, இப்போது திட்டுத்திட்டாகச் சிவப்பு. படியேறினாலே துவண்டுபோகும் இளம்பெண்ணின் திசு அது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுது, ஈடுகட்டுவதாக நினைத்துச் செல் மேலும் மேலும் பழுதானவற்றையே பெருக்கிக் குவிக்கிறது. அந்த வீண் பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

நானூறு மீட்டர்:
மாவட்டப் போட்டி. கடைசி நேர்ப்பாதை வரை நான்தான் முன்னால். திடீரென்று முழங்கால் மேலே வர மறுத்தது. பக்கத்துப் பாதைப் பையனின் ஸ்பைக் சத்தம் என்னைத் தாண்டிப் போனதைக் கேட்டுக்கொண்டே ஓடினேன். எல்லாம் அந்த லாக்டிக் அமிலம் செய்த வேலை.

மூச்சுவாங்கி:
தம்பி, லாக்டிக் அமிலத்தின், அதாவது லாக்டேட்டின், மேல் பழி போடாதீர்கள். வேக இழை கக்கும் லாக்டேட்டை மெது இழையும் இதயமும் எடுத்து எரிக்கின்றன. உடலியல் அறிஞர் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலேயே சொல்லிவிட்டார். உங்கள் காலை முடக்கியதில் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற தசையின் உடனடி எரிபொருள் உடைந்து சேர்ந்த பாஸ்பேட்டுக்கும் பங்குண்டு. ஆக்சிஜன் இல்லாமல் ஒரு குளுக்கோஸுக்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு 2தான். மைட்டோகாண்ட்ரியா வழியே ஏறத்தாழ 30. ஆகவே நிதான ஓட்டத்தைக் கூட்டுங்கள். ஜான் ஹோலோசி 1967இல் எலிகளை ஓடவைத்தபோது தசையின் மைட்டோகாண்ட்ரியா நொதிகள் ஏறக்குறைய இரட்டித்தன. விடாமல் ஓடுங்கள், நன்றாகத் தூங்குங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள். என் கதையா? நிறுத்தினேன், சில வாரங்களில் வீட்டு மாடிப்படியே மூச்சு வாங்க வைத்தது.

நானூறு மீட்டர்:
அண்ணா, தோற்றதைச் சொன்னேன். யோசனை கேட்கவில்லை.

மாடப்புறா:
சிவப்பு என்றாலே மெது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறீர்கள். பருந்து அடித்துப் போட்ட என் பந்தயப் புறாவின் மார்பைப் பார்த்தேன்: கருஞ்சிவப்பு. கோழி மார்பு வெள்ளை என்று பழகிய கண்ணுக்கு அது வேறு உயிராகவே தெரிந்தது. அந்தச் சிவப்பு இழை வேகமானது, கூடவே மைட்டோகாண்ட்ரியா நிறைந்தது. கொழுப்பை எரித்து மணிக்கணக்கில் சிறகடிக்கும். உயிர்வேதியியலாளர் கிரெப்ஸ் 1937இல் செல் உணவை எரிக்கும் தம் வேதிச் சுழற்சியைக் கண்டறிய அரைத்தது புறா மார்பைத்தான். பரோடாவில் ஜே. சி. ஜார்ஜ் அதே மார்பில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை நிறைந்த தடித்த வெள்ளை இழைகளையும் விவரித்தார். நெடுந்தூரப் பந்தயத்துக்கு முன் நாங்கள் நிலக்கடலை வைப்பது கொழுப்புக்காகத்தான். ஓட்டக்காரத் தம்பி இதை முயன்று பார்க்க வேண்டாம்.