காலி செய்யப் போய்க் காலியான கதைகள்

திருப்பூரிலிருந்து:

அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஓர் எம்பிராய்டரி யூனிட்டில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். டிசைன் கோப்புகள் முழுவதும் ஒரே லினக்ஸ் கணினியில் கிடக்கும். ஒரு லோகோவைப் பார்ட்டி ஐந்து முறை திருத்தச் சொன்னால் ஐந்து கோப்புகள். தானாக உருவாகும் நகல்கள் தனி. ஒருநாள் மாலை வட்டு நிறைந்துபோய், புது டிசைனைச் சேமிக்கவே மறுத்துவிட்டது. மறுநாள் சாம்பிள் போயாக வேண்டும்.

30 நாளுக்கு மேல் யாரும் தொடாத கோப்புகளை மட்டும் கழித்துவிடலாம் என்று, கோப்புகளைத் தேடிப்பிடிக்கும் ‘ஃபைண்ட்’ கட்டளையை அடித்தேன். அவசரத்தில் ‘டெலிட்’டை முன்னாலும் ‘எம்டைம் +30’ என்ற வயது நிபந்தனையைப் பின்னாலும் போட்டுவிட்டேன். தமிழில் ‘பழையதை நீக்கு’ என்றாலும் ‘நீக்கு, பழையதை’ என்றாலும் ஒன்றுதான். ஃபைண்டுக்கு அப்படி இல்லை. இடமிருந்து வலமாக, எழுதிய வரிசையிலேயே போகும். ஒவ்வொரு கோப்பையும் நீக்கிவிட்டுத்தான் அதற்கு எத்தனை நாள் வயது என்று கேட்கும்! கையேட்டிலேயே இதற்கு எச்சரிக்கை இருக்கிறது. நான் அதைப் படித்தது அன்று இரவு.

குப்பைத்தொட்டிக்கும் எதுவும் போகவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் கழுவிக் கவிழ்த்த வட்டில்போல இருந்தது.

முதலாளி கத்தவில்லை. “மெஷினில் இருக்கிறதுங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார். நல்லவேளையாக, அண்மையில் ஓட்டிய டிசைன்கள் மெஷினின் நினைவகத்தில் டிஎஸ்டி கோப்புகளாக இருந்தன. ஆனால் டிஎஸ்டியில் ஊசி எங்கே குத்த வேண்டும், நூலை எங்கே மாற்ற வேண்டும் என்பது இருக்குமே தவிர, அது என்ன நிற நூல் என்பது இருக்காது. பழைய சாம்பிள் துண்டுகளை மேசையில் பரப்பி, ஷேட் கார்டை வைத்துக்கொண்டு நிறம் நிறமாக ஒப்பிட்டோம். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு நீலங்கள் ஒன்றுபோலவே தெரிந்தன. அந்த வழக்கை விடியும்வரை தள்ளிவைத்தோம்.

இப்போதெல்லாம் ‘டெலிட்’ இருக்க வேண்டிய இடத்தில் முதலில் ‘பிரிண்ட்’ போட்டுப் பட்டியலைப் பார்ப்பேன். பிறகு ஒரு டீ. பிறகுதான் மற்றது.

ஈரோட்டிலிருந்து:

உங்களுக்குப் போகக்கூடாதது போயிற்று. எனக்குப் போனது போகவே இல்லை. மஞ்சள் மண்டி ஒன்றின் பில் போடும் சர்வரில் பதிவுக் கோப்பு ஒன்று 40 ஜிபிக்கு ஊதியிருந்தது. ‘ஆர்எம்’ கட்டளையால் நீக்கினேன். கோப்பைக் காணவில்லை, இடமும் கிடைக்கவில்லை. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் ‘டியு’ வட்டில் பாதிதான் நிறைந்திருக்கிறது என்கிறது, வட்டின் மிச்ச இடத்தைச் சொல்லும் ‘டிஎஃப்’ முழுவதும் நிறைந்திருக்கிறது என்கிறது. வட்டே கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதியதற்கு விலைகூடக் கேட்டுவிட்டேன். கடைசியில் பார்த்தால், பில் போடும் நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்தபடியே இருந்திருக்கிறது. பெயரை அழித்தாலும், பிடித்திருக்கும் நிரல் விடும்வரை லினக்ஸ் அந்த இடத்தைத் திருப்பித் தராது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்ஓஎஃப்’ அதைக் காட்டிக்கொடுத்தது. நிரலை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். ஒரு நொடியில் 40 ஜிபியும் வந்துவிட்டது. மண்டிக்காரர் அதற்குள் கையால் பில் எழுதத் தொடங்கியிருந்தார். அதுதான் வேகமாக இருக்கிறதாம்.

பொள்ளாச்சியிலிருந்து:

என் கதை சின்னது. குப்பைக் கோப்புகளைத் துடைக்கும் நிரலான, 2008 முதல் இருக்கும் ப்ளீச்பிட்டைத் திரையில் சொடுக்கும் சன்னல் வழியாகவும் ஓட்டலாம், கட்டளை வரியிலும் ஓட்டலாம். சன்னலில் ஆபத்தானதைத் தொட்டால் ஒரு வார்த்தை எச்சரிக்கும். கட்டளை வரியில் ஃபயர்ஃபாக்ஸுக்கு உரிய அனைத்தையும் என்று ஒரே வீச்சில் கொடுத்தேன். தற்காலிகக் கோப்புகளோடு, சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்களும் போயின. எதெல்லாம் போகும் என்று முன்கூட்டியே காட்டும் ‘ப்ரிவ்யூ’ என்று ஒன்று இருப்பதை அடுத்த வாரம்தான் கவனித்தேன். அம்மாவின் மின்கட்டணக் கணக்குக்கு இன்னும் கடவுச்சொல் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

திருப்பூர் அண்ணா, அந்த இரண்டு நீலம் என்னவாயிற்று?

திருப்பூரிலிருந்து:

வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். ஒன்று நீலமே இல்லை, கறுப்பு.