மாலத்தீவு குமரிக்கண்டத்தின் மிச்சமா?

தோவாளைக்காரன்:
குமரிக்கண்டம் என்று பேச்செடுத்தாலே கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வரைபடத்தைப் பாருங்கள். லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் மூன்றும் வடக்கு தெற்காக ஒரே வரிசையில் கிடக்கின்றன. கடலுக்குள் போன மலைத்தொடரின் உச்சிகள்தானே அவை? "குமரிக்கோடும் கொடுங்கடல் கொள்ள" என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. முதலாம் ராசராசன் "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்" வென்றதாக மெய்க்கீர்த்தி சொல்கிறது. அது மாலத்தீவுதான் என்று வரலாற்று ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள்.

முட்டம் டீச்சர்:
அண்ணே, ராசராசன் அங்கே போனதை நான் மறுக்கவில்லை. கப்பற்படை கொண்டு போய் வென்றான், அவ்வளவுதான். கடலுக்குள் மலைத்தொடர் இருப்பதும் சரி. ஆனால் அவை எரிமலைகள். இன்று ரீயூனியன் தீவில் குமுறிக்கொண்டிருக்கும், பூமியின் ஆழத்திலிருந்து எரிமலைக்குழம்பை மேலே தள்ளும் அதே வெப்பப் புள்ளிக்கு மேலேதான் இந்தியா வடக்கே நகர்ந்து வந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் எரிமலைக்குழம்பு, அடுத்து லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ். தெற்கே போகப் போக வயது குறைகிறது. உங்கள் நேர்வரிசைக்குக் காரணம் அதுதான். 1987-ல் மாலத்தீவுக்குப் பக்கத்தில் கடலடியைத் துளைத்தபோது எரிமலைப் பாறைதான் கிடைத்தது. எரிமலை மெல்ல மெல்ல அமிழ, அதன் மேல் பவளம் வளர்ந்துகொண்டே வந்தது. இப்படித்தான் வளையத் தீவுகள் உருவாகின்றன என்று டார்வின் 1842-லேயே சொல்லிவிட்டார்.

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இறங்கிப் பாருங்கள். அலை அறைந்து அறைந்தும் அசையாமல் நிற்கிற அந்தக் கரும்பாறை மாதிரி ஒரு துண்டு மாலத்தீவில் எங்கும் தரைக்கு மேல் கிடையாது. அதனால்தான் மாலேயில் 1658-ல் கட்டிய பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலின் சுவர்களுக்குக் கூடப் பவளக்கல்லை அறுத்தெடுத்துச் செதுக்கினார்கள். மலைநாட்டின் மிச்சம் என்றால் ஏறக்குறைய 1,200 தீவுகளில் ஒரு குன்றாவது இருக்க வேண்டாமா?

தோவாளைக்காரன்:
டீச்சர், சீசெல்சில் கருங்கல் மலையே நிற்கிறது, வயது 75 கோடி ஆண்டு. மொரீசியஸ் கடற்கரை மணலில் அந்தத் தீவைவிடப் பல மடங்கு பழைய சிர்க்கான் என்ற கனிமத்தின் துகள்கள் கிடைத்ததாக 2013-ல் விஞ்ஞானிகளே அறிவித்தார்கள். அடியில் பழைய கண்டத்தின் துண்டு கிடக்கிறது என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்னால் அறிவியல், தமிழன் சொன்னால் கட்டுக்கதையா?

முட்டம் டீச்சர்:
அந்த ஆய்வு எனக்கும் பிடித்த ஆய்வு. ஆனால் அந்தத் துண்டு உடைந்து அமிழ்ந்தது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன். மனித இனத்துக்கே வயது மூன்று லட்சம் ஆண்டுதான். யாருமே பார்க்காத நிலத்தை எந்தப் புலவர் நினைவில் வைத்துப் பாடியிருக்க முடியும்?

தூத்தூர் கடலோடி:
கடலில் பார்த்ததைச் சொல்கிறேன். கலவா மீன் பிடிக்க, குமரிமுனைக்குத் தெற்கே கடலடியில் மேடாகக் கிடக்கும் வெட்ஜ் பேங்குக்குப் போனால் முப்பது நாற்பது பாக ஆழத்தில் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) தூண்டில் தரை தட்டும். விளிம்பைத் தாண்டினால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் கருவியில் தரை கிடுகிடுவென்று கீழே போய்விடும். மாலத்தீவு வரை அப்புறம் ஆழம்தான். அங்கே பவளப் பாருக்கு வெளியே சுவர் மாதிரி நேராக இறங்குகிறது கடல். 2004 சுனாமியில் குளச்சல், மணக்குடி பக்கம் நூற்றுக்கணக்கில் உயிரைப் பறிகொடுத்தோம். ஆளுயரத்துக்கு மேல் மண்ணே இல்லாத மாலத்தீவு முழுக்க, காணாமல் போனவர்களையும் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேர். நம் பக்கம் தரை படிப்படியாக ஏறுவதால் அலை குவிந்து எழும்பியது. அங்கே அது குவிய இடமில்லை. ரெண்டும் ஒரே நிலமாக இருந்திருந்தால் கடலடி இப்படியா இருக்கும்?

தோவாளைக்காரன்:
சரி, அப்படியானால் கடல் கொண்ட நிலம் எங்கே? அதையும் சொல்லுங்கள்.

முட்டம் டீச்சர்:
தூத்தூர் அண்ணன் தூண்டில் போடுகிற இடத்திலேயே தேடலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. வெட்ஜ் பேங்கின் பெரும்பகுதி அப்போது காய்ந்த தரை. அங்கே ஆட்கள் நடமாடியிருக்கலாம். கடல் ஏறியதை அவர்கள் கண்ணால் பார்த்துமிருக்கலாம்.

தோவாளைக்காரன்:
கடல்கோள் நடந்தது என்பதை இப்போது நீங்களே சொல்கிறீர்கள், எனக்கு அது போதும். மாலத்தீவு விஷயத்தில் இன்னும் என் மனம் ஒப்பவில்லை. ஆனால் வெட்ஜ் பேங்க் பக்கம் எண்ணெய், எரிவாயு எடுக்கப் போகிறோம் என்கிறார்களே, அதற்கு முன்னால் அந்தத் தரையைத் தொல்லியல்காரர்கள் ஒருமுறை அலசிப் பார்க்கட்டும்.

தூத்தூர் கடலோடி:
அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். அங்கே துரப்பணம் வந்தால் கலவாவும் போய்விடும்.