எருமை பருவத்துக்கு வரவில்லை, ஊசி போட முடியவில்லை. அவசர உதவி

கறவைக்காரன்
வணக்கம். எங்கள் எருமை சினைப் பருவத்துக்கு (சூட்டுக்கு) வரவே இல்லை. சினை ஊசி போடுபவர் வந்து பார்த்துவிட்டு, "சூடு இல்லாமல் போட்டால் காசுதான் வீண்" என்று திரும்பிவிட்டார். பாலும் இறங்கிக்கொண்டே போகிறது. தயிர் வாங்குகிறவர்களுக்குப் பதில் சொல்லி முடியவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்? இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கம்.

தீம்பார் பையன்
எப்போது கன்று போட்டது? எத்தனையாவது ஈத்து? கன்று இன்னும் ஊட்டுகிறதா? தீனி என்ன? நஞ்சுக்கொடி தானாக விழுந்ததா, யாராவது இழுத்தார்களா? ஒன்றையும் சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி அண்ணே?

செம்பனை நிழல்
கேட்கவே வேண்டாம், பிகேசிதான் (செம்பனை விதைப் பிண்ணாக்கு). இங்கே எல்லோரும் மில்லிலிருந்து செம்பனைப் பிண்ணாக்கை வாங்கி மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். அதில் பாஸ்பரஸ் உண்டு, சுண்ணாம்புச் சத்து அதைவிடக் குறைவு. தாது உப்பும் சுண்ணாம்புத் தூளும் சேர்க்காவிட்டால் சினை தள்ளித்தான் போகும்.

முர்ரா மணியம் (மூத்த உறுப்பினர்)
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். இந்தக் கருத்துக்களத்தின் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. எருமை பசு மாதிரி ஊரைக் கூட்டிக் கத்தாது. பார்க்கத் தெரிந்தவனுக்குத் தெரியும்.

கறவைக்காரன்
தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கன்று போட்டது. இப்போது ஜூன். மூன்றாம் ஈத்து, முர்ரா (பால் எருமை இனம்) கலப்பு. பிகேசியும் ரோட்டோரப் புல்லும். கன்று இரண்டு வேளையும் ஊட்டுகிறது.

வெட் மாணவி
கொடி பற்றிப் பதில் வரவில்லையே அண்ணே? அரை நாளுக்குள் விழாமல் தங்கியிருந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். கன்று போட்ட பிறகு கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய 35 முதல் 45 நாள் ஆகும். அதற்குப் பிறகும் வெள்ளையாகவோ நாற்றத்தோடோ ஏதாவது வடிந்தால் மருந்துக் கடைக்குப் போகாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வடியவில்லை என்றால் ஊமைப் பருவமாக, அதாவது வெளியே தெரியாத சூடாக இருக்கலாம். எருமைக்கு இது சகஜம், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் வரும். பால் கறக்கப் போகும்போது டார்ச் அடித்து, படுத்திருக்கும் மாட்டின் வாலடியைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழும்பு தரையில் கொஞ்சம் கிடக்கும், அல்லது வால் மயிரில் ஒட்டிக் காய்ந்திருக்கும். எழுந்ததும் கலைந்துபோகும், பசுவுக்குப் போல நூலாகத் தொங்காது. காம்பு விறைத்திருக்கும், அடிக்கடி மூத்திரம் போகும், அன்று பால் குறையும். பார்த்த தேதியைக் காலண்டரில் எழுதிவையுங்கள், அடுத்தது 21 நாள் வாக்கில். கறக்கும் நேரத்துக்கு மட்டும் கன்றை விட்டால் பருவம் சீக்கிரம் திரும்பும்.

தோட்டத்து அத்தை
ஊசியெல்லாம் எதற்கு தம்பி? முள்ளங்கி, கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, கறிவேப்பிலை, ஒவ்வொன்றையும் சில நாள் வெல்லமும் உப்பும் சேர்த்துக் கொடு. என் மாமியார் காலத்திலிருந்து செய்கிறோம். இல்லாவிட்டால் கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) சேறாடும் எருமைக் கிடா ஒன்றைக் கொண்டுவந்து விடு. கிடாவுக்குத் தெரியாத பருவமா?

முர்ரா மணியம்
அத்தை, கம்பத்துக் கிடா சதுப்பு எருமை, பால் இனம் இல்லை. அதற்குக் குரோமோசோம் 48, முர்ராவுக்கு 50. பிறப்பது 49. பத்து வருடமாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

தீம்பார் பையன்
49 இருந்தால் என்ன? கலப்புக் கிடேரி சினை பிடிக்கத்தானே செய்கிறது? எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

முர்ரா மணியம்
பிடிக்காது என்று எங்கே எழுதினேன்? பால் எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள்.

தீம்பார் பையன்
குடும்பத்துக்குப் போதும். எல்லோரும் பால் பண்ணை வைத்திருக்கவில்லை லா.

செம்பனை நிழல்
கிடாவைப் பிறகு பார்க்கலாம், முதலில் தாது உப்பு போடுங்கள் என்கிறேன், யாரும் கேட்பதாக இல்லை.

வெட் மாணவி
தாது உப்பு நல்லதுதான் அண்ணே. உள்ளே சீழ் இருந்தால் அது மட்டும் போதாது. அத்தை, கிடா பருவத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஊர் ஊராகப் போகும் கிடாவால் நோயும் கூடவே வரும்.

கறவைக்காரன்
டாக்டர் வந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். சீழ் இல்லை, சினையும் இல்லை. சூலகத்தில் கார்பஸ் லூட்டியம் (கருமுட்டை வெளியான இடத்தில் உண்டாகும் திசு) இருக்கிறதாம், அப்படியென்றால் பருவம் வந்துபோகிறது, நம் கண்ணில்தான் படவில்லை என்றார். அதைக் கரைத்துச் சூடு வரவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டிருக்கிறார். இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் சூடு வரலாம், ராத்திரியும் பார்க்கச் சொன்னார். எல்லோருக்கும் நன்றி.

வெட் மாணவி
நல்லது. அந்த மருந்து சினை மாட்டுக்குக் கருவைக் கலைத்துவிடும், அதனால்தான் முதலில் கையை விட்டுப் பார்ப்பது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது, தோல் வழியாகவே உள்ளே போகும். மாலையில் சூடு தெரிந்தால் மறுநாள் காலை சினை ஊசி, காலையில் தெரிந்தால் அன்று மாலை.

கூலிம் ராஜா
இழைக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். இதே பிகேசியைச் செம்மறி ஆட்டுக்கும் கொடுக்கலாமா? மலிவாகக் கிடைக்கிறது.

செம்பனை நிழல்
அதிகம் வேண்டாம். அதில் இருக்கும் செம்பு செம்மறியின் ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து ஒருநாள் திடீரென்று கொன்றுவிடும். மாடு, எருமை தாங்கும். தனி இழை போடுங்கள், மணியம் அண்ணன் பார்த்தால் திட்டுவார்.