எலியின் கழுத்தில் பொருக்கு: சிற்றுண்ணிதானா, ஐவர்மெக்டின் எவ்வளவு?

கேட்டவர்: மல்லி22

வணக்கம். ஒரே கூண்டில் மூன்று பெண் எலிகள், வயது எட்டு மாதம். பத்து நாளாக ஒன்று மட்டும் பின்னங்காலால் கழுத்தையும் தோளையும் விடாமல் சொறிகிறது. தோளில் நாலைந்து சிறு பொருக்குகள், காதுக்குப் பின்னால் முடி குறைந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் ஒன்றும் இல்லை. சிற்றுண்ணி, அதாவது தோலிலும் முடியிலும் வாழும் மிகச் சிறிய ஒட்டுண்ணியோ என்று சந்தேகம், ஆனால் எதுவும் ஊர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. படுக்கைக்கு மரத்தூள்தான் போடுகிறேன். மாட்டுக்கு வாங்கிய, ஒட்டுண்ணிகளைக் கொல்லும் 1% ஐவர்மெக்டின் ஊசி மருந்து வீட்டில் இருக்கிறது. ஒரு சொட்டு வாயில் விடலாமா? எடை 280 கிராம்.

பதில்: அளவுகோல்

ஒரு சொட்டு விடாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள்.

1% என்றால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி, அதில் 0.5 மி.கி. மருந்து இருக்கும். எலிக்கு வழக்கமாகக் கொடுப்பது கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மி.கி. வரை. 280 கிராமுக்குக் கீழ் அளவு 0.056 மி.கி. உங்கள் ஒரு சொட்டு அதைப்போல ஒன்பது மடங்கு. அளவு மீறினால் எலி தள்ளாடும், நடுங்கும், சுருண்டு படுத்துவிடும். அதை முறிக்க மாற்று மருந்து கிடையாது.

நீர்க்காத மருந்தில் உங்களுக்கு வேண்டியது 0.0056 மில்லி. எந்த சிரிஞ்சிலும் இதை அளக்க முடியாது. அதனால் மருத்துவர்கள் ஒரு பங்கு மருந்தோடு ஒன்பது பங்கு புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் திரவம் கலந்து, மில்லிக்கு 1 மி.கி. ஆக்கிக் கொடுப்பார்கள். தண்ணீரில் கலக்கக் கூடாது. ஐவர்மெக்டின் நீரில் கரையாது, பிரிந்து நிற்கும். ஒரு முறை வெறும் தண்ணீர் போகும், அடுத்த முறை மருந்து மொத்தமும் போகும்.

நீர்த்த பிறகும் ஒரு பொறி உண்டு. இப்போது வேண்டிய அளவு ஏறக்குறைய 0.06 மில்லி. அது யு-100 (மில்லிக்கு 100 கோடு) இன்சுலின் சிரிஞ்சில் 6 கோடு. நம் ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் யு-40 (மில்லிக்கு 40 கோடு) சிரிஞ்சில் அதே 6 கோடு 0.15 மில்லி ஆகிவிடும், இரண்டரை மடங்கு. சிரிஞ்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே அளவெடுங்கள். எலியைச் சமையல் தராசில் ஒரு டப்பாவோடு வைத்து அன்றன்றே நிறுங்கள்.

நாய்க்குப் போடும் உண்ணிப் பவுடரும் வேண்டாம். எலி உடம்பை நாள் முழுக்க நக்கும், போட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும். தோலில் விடும் செலமெக்டின் என்ற ஒட்டுண்ணிச் சொட்டு மருந்தும் பயன்படும். ஆனால் நாய், பூனைக் குட்டிகளுக்கான மிகச் சிறிய குழாயிலேயே 15 மி.கி. இருக்கிறது, அதை முழுவதும் ஊற்றிவிடாதீர்கள். எத்தனை சொட்டு என்பதை எலி பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும்.

பதில்: தோல்நோக்கி

மருந்துக்கு முன்னால் எந்தப் பூச்சி என்று தெரிய வேண்டும். அது எங்கே குடியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

நீங்கள் சொல்லும் அடையாளம் முடிச் சிற்றுண்ணிக்குப் பொருந்துகிறது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணில் படாதது வியப்பில்லை. தோள், பிடரி, தாடை ஆகிய இடங்களில்தான் பொருக்கு வரும். மூன்றுமே அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். உடம்பு தளர்ந்ததோ மிரண்டதோதான் முதலில் சொறியும். பொருக்கின் ஓரத்து முடியில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து மருத்துவரிடம் நுண்ணோக்கியில் காட்டுங்கள். டேப்பில் ஒன்றும் சிக்காததால் பூச்சி இல்லை என்று ஆகிவிடாது.

காது மடல் ஓரத்தில், மூக்கில், வாலில் மரு மாதிரித் தடித்த பொருக்கு இருந்தால் அது தோலைத் துளைத்து வாழும் சொறிப் பூச்சி. அதற்குத் தோலைச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும். முடியில் ஈர் ஒட்டியிருந்தால் பேன். எலிப் பேன் மனிதருக்கு ஒட்டாது.

வீட்டில் யாருக்காவது இடுப்பிலோ கையிலோ அரிக்கும் சிவந்த தடிப்பு வருகிறதா? வந்தால் இரத்தம் குடிக்கும் வெப்பமண்டல எலிச் சிற்றுண்ணியைச் சந்தேகியுங்கள். அது பகலில் எலி மேல் இருக்காது, கூண்டின் மூட்டுகளிலும் சுவர் இடுக்கிலும் ஒளிந்திருக்கும். இரவில் கூண்டுக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து, விடிவதற்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குடித்தது சிவப்பாகத் தெரியும்.

பதில்: கூண்டுவேலை

அந்த இரத்தச் சிற்றுண்ணியாக இருந்தால் எலிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பலனில்லை. உணவில்லாமலே வாரக்கணக்கில் காத்திருக்கும். மர ஏணி, அட்டைப் பெட்டி எல்லாவற்றையும் தூக்கி எறிந்து, கம்பிக் கூண்டைக் கொதிநீரும் சோப்பும் போட்டு மூட்டு மூட்டாகத் தேய்க்க வேண்டும். பெரும்பாலும் வீட்டுக்கு வரும் காட்டெலிதான் கொண்டு வருகிறது, அதன் வழியை அடைக்காவிட்டால் திரும்பவும் வரும். பாச்சை உருண்டையும் கற்பூரமும் கூண்டருகில் வைக்காதீர்கள். எலியின் நுரையீரல் மிக மென்மையானது. தூசி கிளப்பும் மரத்தூளையும் விட்டுவிட்டுக் காகிதத் துண்டுக்கு மாறுங்கள்.

கேட்டவர்: மல்லி22

நன்றி. வீட்டில் யாருக்கும் தடிப்பு இல்லை. மற்ற இரண்டுக்கும் மருந்து வேண்டுமா? எத்தனை முறை?

பதில்: அளவுகோல்

மூன்றுக்கும் ஒரே நாளில், அவரவர் எடைக்குத் தக்கபடி. ஐவர்மெக்டின் முட்டையைக் கொல்லாது. முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் 7 முதல் 14 நாள் இடைவெளியில் மூன்று முறை. முதல் முறையிலேயே சொறிவது நின்றதும் பலர் விட்டுவிடுகிறார்கள், மூன்றாம் வாரம் பழையபடி ஆரம்பிக்கும். சினையாக இருந்தாலோ பாலூட்டினாலோ முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதில்: தோல்நோக்கி

புண்ணை ஆழமாக்குவது பெரும்பாலும் பின்னங்கால் நகம். கூர் நுனியை மட்டும், உள்ளே தெரியும் சிவப்பைத் தொடாமல் வெட்டிவிடுங்கள். பொருக்கை உரிக்க வேண்டாம். ஈரமாகக் கசிந்தாலோ சீழ் கட்டினாலோ பாக்டீரியா சேர்ந்துவிட்டது, அதற்குத் தனி மருந்து. மூன்று முறையும் சரியாகக் கொடுத்துப் பொருக்கு ஆறவில்லை என்றால் நான்காவது முறை கொடுக்காதீர்கள், படர்தாமரையா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.