50 விளக்குக்கு மேல ஹப் ஏத்துக்காதாம்: இன்னொரு ஹப் வாங்குறதா, ஒயரிங்கை மாத்துறதா?

மாந்தோப்பு_வீடு:
வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்துல புது வீடு, போன தையில பால் காய்ச்சினோம். விளக்கு எல்லாமே பிலிப்ஸ் ஹியூ, போன்லயே போட்டு அணைக்கிற ஸ்மார்ட் பல்பு. ஹால் ஃபால்ஸ் சீலிங்ல 14, நாலு பெட்ரூம்ல 16, மாடிப்படி 6, கிச்சன் 5, சிட்-அவுட் 4, பூஜை ரூம் 2. மொத்தம் 47. ரிமோட், மோஷன் சென்சார் சேர்த்து 11. இனி கேட்லேர்ந்து தோப்பு வரைக்கும் பாதையில 18 விளக்கு போடணும். இதையெல்லாம் இயக்குற ஹப்பை ஹியூல பிரிட்ஜ்னு சொல்வாங்க; என்கிட்ட இருக்கிறது பழைய சதுர பிரிட்ஜ். அதுக்கு 50 விளக்கு, 12 துணைக்கருவிதான் கணக்கு. நான் ஓசூர்ல வேலை, சனி ஞாயிறுதான் ஊருக்கு வருவேன். வீட்டுல அப்பா அம்மா மட்டும். என்ன பண்ணலாம்?

ஓசூர்_சர்க்யூட்:
பிரிட்ஜைக் கழட்டி பரண்ல போடுங்க. சிசி2652பி சிப் இருக்கிற யூஎஸ்பி கோஆர்டினேட்டர் (பல்போட பேசுற குச்சி) ஒண்ணு, பழைய மினி பிசி ஒண்ணு, அதுல வீட்டுக் கருவியை நடத்துற ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள், கூட குச்சியை அதோட இணைக்கிற ஜிக்பீ2எம்க்யூடிடி. ஜிக்பீங்கிறது பல்பும் ஹப்பும் பேசிக்கிற ரேடியோ முறை; 50ங்கிறது அதோட எல்லையே இல்லை. ஜிக்பீ முகவரி 16 பிட், ஏட்டுக் கணக்குல 65,000 தாண்டும். பெட்டிக்குள்ள இருக்கிற மெமரி எவ்வளவு, கம்பெனி எத்தனைக்குப் பொறுப்பு ஏத்துக்கும், அதுதான் அந்த 50. கோஆர்டினேட்டர்லயும் நேரடியா ஒட்டுறது 50 சொச்சம்தான். ஆனா கரண்ட்ல எரியுற ஒவ்வொரு பல்பும் ரவுட்டர் வேலை பார்க்கும், சேதியை அடுத்ததுக்குத் தள்ளிவிடும். 65 எல்லாம் அதுக்குத் தூசு.

ஒண்ணு மட்டும்: கோஆர்டினேட்டரை யூஎஸ்பி 3 ஓட்டையில நேரா சொருகாதீங்க, அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ்லயே விழும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வைங்க.

ரெண்டு_பெட்டி:
சர்க்யூட் சார் சொல்றது எண்ணிக்கைக்குச் சரி, வேகத்துக்குச் சரியில்லை. பிரிட்ஜுக்கு நிரல் எழுதுறவங்களுக்குக் கம்பெனியே கொடுத்த வரம்பு: தனி விளக்குன்னா நொடிக்கு 10 கட்டளை, குழுவா அனுப்பினா நொடிக்கு 1. ஜிக்பீயோட மொத்த வேகமே நொடிக்கு 250 கிலோபிட். பெட்டியை மாத்தினாலும் காத்து அதே காத்துதான். குழுக் கட்டளை எல்லா ரவுட்டர் வழியாவும் எதிரொலிச்சுட்டே போகும்.

என் வீட்டுல கீழ ஒரு பிரிட்ஜ், மாடிக்கு ஒரு பிரிட்ஜ். ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்க, ஒண்ணு ஜிக்பீ சேனல் 20, இன்னொண்ணு 25. வைஃபை அதோட சேனல் 1-ல. மூணு வருஷமா ஒரு தொந்தரவும் இல்லை. கீழ இருக்கிற ரிமோட் மாடி விளக்கை நேரடியா போடாது, அது ஒண்ணுதான் குறை. இல்லேன்னா 2025-ல வந்த பிரிட்ஜ் ப்ரோவைப் பாருங்க, 150 விளக்கு, 50 துணைக்கருவி. விவகாரமே முடிஞ்சுது.

பாலக்கோடு89:
47 ஹியூ பல்பா! அந்தக் காசுல ஒரு ஜோடி கறவை மாடு வாங்கியிருக்கலாம் 😄 சரி, விஷயத்துக்கு வரேன். ஹியூ டிம்மர் ரிமோட்டோட 10 விளக்கு வரை ஹப்பே இல்லாம நேரா இணைக்கலாம். சிட்-அவுட் நாலையும் அப்படி மாத்துங்க, ஹப்ல 43 ஆயிடும். அந்த நாலுக்கும் ஆப், டைமர் கிடையாது, அவ்வளவுதான்.

பாதைக்கு ஸ்மார்ட்டே எதுக்கு? ராயக்கோட்டைப் பக்கம் எங்க சித்தப்பா சாமந்தித் தோட்டத்துல ராத்திரி பூரா பல்பு. இருட்டு நேரம் நீண்டா செடி வளர்றதுக்குள்ள மொட்டு வச்சிடும், அதுக்காக வெளிச்சம். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு டைமர், ஒரு கான்டாக்டர் (பெரிய லோடைப் போட்டு அணைக்கிற சுவிட்ச்). ஹப்பும் இல்லை, ஆப்பும் இல்லை.

பென்னாகரம்_ஒயர்மேன்:
தம்பிங்களா, எல்லாரும் பெட்டியையே எண்ணிட்டிருக்கீங்க. 150 தாங்குற பெட்டியே வாங்கினாலும், ராத்திரி பெரியவர் படுக்கப் போகும்போது பழக்கத்துல சுவத்து சுவிட்சை அமுக்கிட்டுத்தான் போவார். அந்த சுவிட்ச்ல இருக்கிற பல்பு எல்லாம் கரண்ட் இல்லாம செத்துச்சு. அதுங்க வழியா சேதி வாங்கிட்டிருந்த பல்புங்களும் கொஞ்ச நேரம் அல்லாடும். இது நான் போற வீடெல்லாம் பார்க்கிறது. "சுவிட்சை அமுக்காதீங்க"ன்னு சீட்டு எழுதி ஒட்டின வீடுகூட உண்டு. என்ன கொடுமை இது?

கலர் மாத்துற இடம், டிம் பண்ற இடம் எதுவோ அதுக்கு மட்டும் ஸ்மார்ட் பல்பு. மத்ததுக்கு சாதா எல்இடி, சுவிட்சுக்குப் பின்னாடி ஜிக்பீ ரிலே, அதாவது சேதி வந்தா லைனைப் போட்டு அணைக்கிற குட்டி டப்பா. ஒரு லைன்ல எத்தனை விளக்கு தொங்கினாலும் ஹப் அதை ஒண்ணாத்தான் எண்ணும். மாடிப்படி 6 ஒரு ரிலே, சிட்-அவுட் 4 ஒரு ரிலே, பாதை 18 ரெண்டு ரிலே. மிச்ச 37-ஓட இந்த 4. மொத்தம் 41. சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும், பெரியவருக்கு எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

பாதையை ஏன் ரெண்டாப் பிரிக்கச் சொல்றேன்? 9 வாட் பதினெட்டு, 162 வாட்தானேன்னு ஏமாறாதீங்க. எல்இடி டிரைவர் ஒவ்வொண்ணும் போட்ட மாத்திரத்துல கண்ணிமைக்கிற நேரம் பெரிய கரண்ட்டை இழுக்கும். பதினெட்டும் சேர்ந்து இழுத்தா சின்ன ரிலேவோட பாயிண்ட் ஒட்டிக்கும், அப்புறம் விளக்கு அணையவே அணையாது. ரிலேவுக்குப் பின்னாடி ஸ்மார்ட் பல்பு மட்டும் போட்டுடாதீங்க, ரெண்டும் சண்டை போடும்.

ஓசூர்_சர்க்யூட்:
அண்ணா, நம்ம ஊர் போர்டு பெட்டி பாதிக்குப் பாதி ஜிஐ தகரம். தகரத்துக்குள்ள ரிலேவை வச்சு மேல பிளேட் போட்டா சிக்னல் எங்க வெளிய வரும்? கிருஷ்ணகிரி வீடுன்னா காம்பவுண்டும் கருங்கல்லாத்தான் இருக்கும். தோப்பு வரைக்கும் போகாது.

பென்னாகரம்_ஒயர்மேன்:
முன்பக்கம் பிளாஸ்டிக் பிளேட்தானே தம்பி. ரிலேவை முன்னாடி ஒட்டி வச்சா வரும், குறையும், ஆனா வரும். தோப்புக்கு சிக்னல் எதுக்குப் போகணும்? ரிலே சிட்-அவுட் போர்டுல இருக்கும். தோப்புக்குப் போறது ஒயர் மட்டும்தான்.

ஓசூர்_சர்க்யூட்:
சரி, அதை ஒத்துக்கிறேன். ஆனா ஹால் 14, பெட்ரூம் 16 அப்படியேதானே இருக்கு? அங்கயும் சுவிட்சை அமுக்குவாங்களே.

பென்னாகரம்_ஒயர்மேன்:
அமுக்குவாங்க. அங்க என்கிட்ட மருந்து இல்லை.

ரெண்டு_பெட்டி:
சர்க்யூட் சாரோட கம்ப்யூட்டர் யோசனைக்கு ஒரு எச்சரிக்கை. நானும் முதல்ல ராஸ்பெரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர்லதான் ஆரம்பிச்சேன். ஒரு சித்திரை மாசம், இடி காத்தோட மழை, ஒரு மணி நேரத்துல ஆறு தடவை கரண்ட் போய் வந்துச்சு, எஸ்டி கார்டு காலி. நான் அப்போ வெளியூர். அம்மா மூணு நாள் டார்ச்சோட நடந்தாங்க. வாரக் கடைசியில மட்டும் வர்ற பிள்ளைக்கு இது ஆகாது. பிரிட்ஜும் வைஃபை ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கட்டும். பல்போட பவர்-ஆன் அமைப்பை 'முன்னிருந்த நிலை'க்கு மாத்துங்க, இல்லேன்னா ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் திரும்பினதும் வீடே கல்யாண மண்டபம் ஆயிடும்.

மாந்தோப்பு_வீடு:
அந்தக் கல்யாண மண்டபம் போன வாரமே நடந்துச்சு. அப்பா ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசலை.

இன்னைக்கு ஒயர்மேன் அண்ணா சொன்ன ரிலேவுக்கு வேண்டிய நியூட்ரல் ஒயர் இருக்கான்னு, மெயினை ஆஃப் பண்ணிட்டு போர்டைத் திறந்து பார்த்தேன். சிட்-அவுட் போர்டுல பிளக் பாயிண்ட் இருக்கிறதால நியூட்ரல் இருக்கு. மாடிப்படி டூ-வே, கீழயும் மேலயும் சுவிட்ச். கீழ் போர்டுல நியூட்ரல் இருக்கு, மேல் போர்டுல இல்லை, விளக்குக்குப் போற ஒயர் மேலதான் இருக்கு. என்ன செய்ய?

ஓசூர்_சர்க்யூட்:
நியூட்ரல் தேவைப்படாத ரிலேவை மேல போடுங்க.

பென்னாகரம்_ஒயர்மேன்:
வேண்டாம். நியூட்ரல் இல்லாதது பெரும்பாலும் ரவுட்டர் வேலை பார்க்காது. அணைச்சாலும் எல்இடி மினுக்கும், அதுக்கு ஒரு கெப்பாசிட்டர் வேற கட்டணும். ரிலேவைக் கீழ் போர்டுலயே வைங்க. ரெண்டு போர்டுக்கும் நடுவுல ஓடுற ரெண்டு ஒயர்ல ஒண்ணுல ரிலே அவுட்புட்டைக் கொடுங்க, மேல அதை விளக்கு ஒயரோட நேரா முறுக்கி டேப் அடிங்க. இன்னொண்ணு சும்மா, ரெண்டு முனையிலயும் டேப். மேல் சுவிட்ச் இருந்த இடத்துல பேட்டரி ரிமோட் ஒட்டிடுங்க. கை நடுங்கினா லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்க, கூலி பெரிசா ஆகாது.

மாந்தோப்பு_வீடு:
புரிஞ்சுது அண்ணா, சனிக்கிழமை பண்றேன். விளக்கு 41. ரிமோட் ஒண்ணு கூடுறதால துணைக்கருவி சரியா 12.

ரெண்டு_பெட்டி:
அப்போ கேட்டுக்கு மோஷன் சென்சார் வைக்கணும்னு அப்பா கேட்கிற அன்னைக்கு இங்கயே வந்து சொல்லுங்க. என்கிட்ட உபரியா ஒரு பிரிட்ஜ் கிடக்கு.